பிள்ளை படிக்கும் புள்ளியியல் கடைக்கும் வேண்டும்

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் கடைசிப் பாடம் "புள்ளியியலும் நிகழ்தகவும்". கடைசிப் பாடத்துக்கு உரிய அவசரம் இதற்கும் உண்டு. நம் வீடுகளிலோ அந்த அளவு மதிப்பும் கிடையாது. பிளஸ் ஒன்னில் வணிகவியல் பிரிவில் சேரும் பிள்ளை, "வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுக்கட்டுமா அப்பா?" என்று கேட்டால், "கல்லாவில் உட்காரப் போகிறவனுக்கு அது எதற்கு? சுலபமாக மார்க் வருகிற பாடமாகப் பார்த்து எடு" என்று சொல்லும் வணிகப் பெருமக்கள் நம்மில் பலர். அவர்களோடு நான் மாறுபடுகிறேன். கல்லாவில் உட்காருகிறவனுக்குத்தான் அது முதலில் வேண்டும்.

நம் கடைகளில் இன்று ஓடும் சரக்கையே எடுத்துக்கொள்வோம். இட்லி மாவு பாக்கெட் அடக்கம் 30 ரூபாய், விற்பனை 40 ரூபாய் என்று வையுங்கள். மறுநாள் புளித்துவிடும், திருப்பி எடுக்க ஆள் இல்லை. திங்கள் முதல் ஞாயிறு வரை 8, 12, 10, 15, 20, 45, 30 பேர் கேட்டு வருகிறார்கள். மொத்தம் 140, நாள் சராசரி 20. "சராசரி இருபது, தினம் இருபது போடு" என்று மாவுக்காரரிடம் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? முதல் நான்கு நாளில் 35 பாக்கெட் தங்கிப்போகும். சனி, ஞாயிறில் 35 பேர் வெறுங்கையோடு அடுத்த கடைக்குப் போவார்கள். விற்ற 105 பாக்கெட்டில் லாபம் 1,050 ரூபாய். கொட்டிய 35 பாக்கெட்டில் நட்டமும் அதே 1,050 ரூபாய். வாரம் முழுக்க ஃபிரிட்ஜ் ஓடிய கரண்டு பில்தான் மிச்சம்.

அதே கடையில் ரொட்டி 18, 19, 20, 20, 20, 21, 22 என்று போகிறது. இதற்கும் சராசரி 20தான். ரொட்டிக்குத் தினம் 20 போட்டால் பழுதில்லை. இரண்டு சரக்குக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத்தான் பிள்ளைகள் "திட்ட விலக்கம்" என்ற பெயரில் படிக்கிறார்கள். ரொட்டிக்கு அது சுமார் 1.2, மாவுக்கு 12.3. சராசரியை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

நிகழ்தகவும் அப்படியே. கடைசி ஒரு பாக்கெட் மாவு விற்றால் 10 ரூபாய் வரவு, தங்கினால் 30 ரூபாய் போக்கு. ஆகவே நான்கு தடவையில் மூன்று தடவைக்கு மேல் அது விற்கும் என்று உங்கள் கணக்கு சொன்னால்தான் அந்தப் பாக்கெட்டை வாங்க வேண்டும். கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளும் சரக்காக இருந்தால் கணக்கே மாறிவிடும், தாராளமாக அடுக்கலாம்.

கடன் நோட்டு விஷயம் இதைவிடக் கனமானது. ஆயிரம் ரூபாய் சரக்கில் 80 ரூபாய் லாபம் வைக்கிறோம் என்றால் அடக்கம் 920. ஒருவர் ஆயிரத்தை ஏமாற்றினால் அந்த 920-ஐ ஈடுகட்டப் பதினொன்றரைப் பேர் ஒழுங்காகக் கட்ட வேண்டும். அதாவது கடன் வாங்கும் நூறு பேரில் எட்டுப் பேர் கட்டாமல் போனால் மற்ற 92 பேரிடம் சம்பாதித்ததும் அதோடு போயிற்று. "பத்தில் ஒருத்தன் ஏமாற்றத்தான் செய்வான், மற்றவர்களிடம் எடுத்துவிடலாம்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். எட்டு சதவீத லாபத்தில் எடுக்க முடியாது. இதைச் சொல்லப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

"அனுபவத்தை மிஞ்சிய கணக்கு உண்டா?" என்று மூத்தவர்கள் கேட்பது புரிகிறது. அனுபவம் பெரிதுதான். ஆனால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, பானையைக் கிளறியிருந்தால்தான் சரி. நூறு மூட்டை அரிசி இறங்கும்போது லாரியின் பின்பக்கம் கைக்கு எட்டும் இரண்டு மூட்டையை மட்டும் குத்திப் பார்த்து விலை பேசுகிறோமே, அனுப்பியவருக்கு அது தெரியாதா? எங்கே குத்துவது, எத்தனை மூட்டையில் குத்துவது என்பதே மாதிரிக் கணக்கு. சில மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு சராசரியை எவ்வளவு நம்பலாம் என்று 1908-இல் எழுதிய வில்லியம் கோசெட், டப்ளின் நகரில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர். "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் எழுதினார். நம் நாட்டில் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், வங்காளத்துச் சணல் விளைச்சலை மாதிரி எடுத்துத்தான் அளந்தார். நம் சாக்கு மூட்டைக்கான அதே சணல்.

பாடப்புத்தகத்தின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. நாணயம், பகடை, சீட்டுக்கட்டு என்றே போகிறது. சீட்டைத் தொட்டால் முதுகில் விழும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, 52 சீட்டில் ஸ்பேடு எத்தனை என்று எப்படித் தெரியும்? அந்தப் பிள்ளைக்குக் கடை பில் புத்தகம் தெரியும். அதைக் கொண்டு சொல்லித் தரும்படி ஆசிரியர்களைக் கேட்பதில் தவறில்லை.

வீட்டு வாசலுக்கே பத்து நிமிடத்தில் சரக்கு கொண்டுவரும் கம்பெனிகள், எந்தத் தெருவில் எந்த நாளில் எது எத்தனை போகும் என்று கணக்குப் போட ஆள் வைத்திருக்கின்றன. அந்த ஆட்கள் படித்த முதல் பாடமும் இதுதான். நம்மிடம் இருபது வருட பில் இருக்கிறது, வாடிக்கையாளர் முகம் தெரியும், எண்ணிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

நமது சங்கம் வருடந்தோறும் மதிப்பெண்ணுக்குப் பரிசு கொடுக்கிறது, கொடுக்கட்டும். அதோடு இன்னொரு பரிசும் வைக்கலாம். கோடை விடுமுறையில் அப்பா கடையின் ஆறு மாத பில்லை எடுத்து, பத்துச் சரக்குக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் போட்டு, எதைக் குறைக்கலாம், எதைக் கூட்டலாம் என்று எழுதிக் கொண்டுவரும் பிள்ளைக்கு அது. பெண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துப் பேசும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.