ரெண்டே முக்காலும் மேனோஸ் குவார்த்தோவும்

ஸ்பானிஷ் படிக்கிற பிள்ளைகளுக்கு மணி சொல்லும் பாடத்தை இப்போது நடத்துகிற விதம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். சரியா தப்பா என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

இங்கே தில்லியில் பல பள்ளிக்கூடங்களில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். என் மகள் ஏழாவது படிக்கிறாள், ஸ்பானிஷ் எடுத்திருக்கிறாள். வீட்டில் பாடம் கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. "நம்பர் சம்பந்தப்பட்ட பாடம்தானே, நீங்களே பாருங்க" என்று தங்கமணி உத்தரவு. பி.காம். முடித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் டெபிட், கிரெடிட் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று கேட்க முடியுமா? ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கி, ராத்திரியில் இணையத்தில் மாட்ரிட் ரேடியோ கேட்டு, நானும் கூடவே கற்றுக்கொண்டு வருகிறேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். வகுப்பில் என்ன செய்கிறார்கள்? ஒன்றிலிருந்து ஐம்பத்தொன்பது வரை எண்களை மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள். மணியைச் சொல், பிறகு நிமிஷத்தைச் சொல், முடிந்தது. 2.45 என்றால் "சோன் லாஸ் தோஸ் குவாரெந்தா ஈ சிங்கோ". இரண்டு, நாற்பத்தைந்து. இலக்கணப்படி சரிதான், மார்க்கும் வந்துவிடும். கால், அரை, முக்கால் கணக்கெல்லாம் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் கிடக்கிறது. பரீட்சைக்கு அது வராதாம்.

ஆனா பாருங்க, ஸ்பெயினில் ரயில் நிலையத்துப் பலகையில் 14.45 என்றுதான் போட்டிருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் "கே ஓரா எஸ்?" (மணி என்ன?) என்று கேட்டால் அவர் பெரும்பாலும் சொல்லப்போவது "லாஸ் த்ரேஸ் மேனோஸ் குவார்த்தோ". அதாவது மூணு, கழித்தல் கால். எண்களை மட்டும் படித்த பிள்ளையின் காதில் "மூணு" விழும், "கால்" விழும். நடுவில் இருக்கும் "மேனோஸ்" நழுவிவிட்டால் மூணேகால் என்று நினைத்துக்கொண்டு நிற்கும். அதற்குள் ரயில் போயிருக்கும்.

என் வாதம் இவ்வளவுதான். நாம் எப்படிச் சொல்வது என்பதை நாம் முடிவு பண்ணலாம். எதிராளி எப்படிச் சொல்வார் என்பதை நாம் முடிவு பண்ண முடியாது. பேசுவதற்குக் குறுக்குவழி உண்டு, கேட்பதற்குக் கிடையாது.

வடக்கே மாற்றலாகி வரும் நம்ம ஊர் வங்கிக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஊரிலிருந்து ஹிந்தி எண்களை ஒன்று முதல் நூறு வரை உருப்போட்டுக்கொண்டு வருவார்கள். கவுன்டரில் நிற்கிற பெரியவர் "பௌனே தோ லாக்" என்பார். இரண்டு லட்சத்துக்குக் கால் லட்சம் குறைவு, அதாவது 1,75,000. அந்த "பௌனே"யைப் பிடிக்கத் தெரியாவிட்டால் இரண்டு லட்சம் என்று காதில் விழும். வித்தியாசம் 25,000 ரூபாய்! "சவா", "டேட்", "டாயி" எல்லாம் இதே வகையறா. இதெல்லாம் எந்த எண் அட்டவணையிலும் வரிசையாக வராது. ஆனால் கடைத்தெருவில் இதுதான் ஓடும். "பௌனே"யும் "மேனோஸ் குவார்த்தோ"வும் ஒரே புத்தி. அடுத்த முழு எண்ணில் நின்றுகொண்டு பின்னால் பார்ப்பது.

தமிழ் அப்படி இல்லை. நாம் ரெண்டில் நின்றுகொண்டு கூட்டிக்கொண்டே போவோம்: ரெண்டேகால், ரெண்டரை, ரெண்டே முக்கால். ஸ்பானிஷ்காரர் அரை வரைக்கும் நம்மோடு வருவார். "தோஸ் ஈ குவார்த்தோ", "தோஸ் ஈ மேதியா". அரை தாண்டியதும் கட்சி மாறி மூன்றிலிருந்து கழிக்க ஆரம்பித்துவிடுவார். அரை மணி வரை கிரெடிட், அதற்கப்புறம் டெபிட் :-) இந்த ஒரு வரியை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது.

மெக்சிகோ உள்ளிட்ட பல லத்தீன் அமெரிக்க நாடுகளில் இன்னொரு மாதிரி. "குவார்த்தோ பாரா லாஸ் த்ரேஸ்" என்பார்கள். மூணு அடிக்கக் கால் மணி இருக்கு என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அதேதான். எண்கள் எல்லாவற்றையும் முழுங்கிய பிள்ளை இதைக் கேட்டாலும் ஙே என்று விழிக்கும். பாட்டி பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

இன்னும் சிலது நமக்குப் பழக்கமானவைதான். "த்ரேஸ் ஈ பீக்கோ" என்றால் மூணு மணி சொச்சம். "ஆ ஏசோ தே லாஸ் த்ரேஸ்" என்றால் மூணு மணி வாக்கில். "என் புந்தோ" என்றால் டாணென்று. "சோன் லாஸ் த்ரேஸ்" என்றால் மணி மூணு. "ஆ லாஸ் த்ரேஸ்" என்றால் மூணு மணிக்கு. நம்முடைய "க்கு" செய்யும் வேலையை அங்கே "ஆ" செய்கிறது. ஒரு மணிக்கு மட்டும் ஒருமை, "எஸ் லா ஊனா". மற்றதெல்லாம் பன்மை. அவ்வளவுதான் இலக்கணம்.

அந்த "ஓரா" என்ற சொல்லே நமக்கு அந்நியமில்லை. தினசரி காலண்டரில் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று போட்டிருப்பார்களே, அந்த ஓரையும் ஸ்பானிஷ் ஓராவும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. ஒன்று லத்தீன் வழியாக ஸ்பெயினுக்குப் போனது, இன்னொன்று சமஸ்கிருதம் வழியாக நம் பஞ்சாங்கத்துக்கு வந்தது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. மணியோடு ஒட்டிக்கொண்டு வரும் பொழுதின் பெயர். "தே லா மஞானா" காலை, "தே லா தார்தே" மதியமும் மாலையும், "தே லா நோச்சே" இரவு, "தே லா மத்ருகாதா" நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில். இதையும் வகுப்பில் ஏ.எம்., பி.எம். என்று சுருக்கிவிடுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

ஸ்பெயினில் மதியம் ரெண்டு மணிக்கு மேல்தான் சாப்பாடு. சாப்பிட்ட பிறகுதான் பலருக்கு "தார்தே" ஆரம்பம். பன்னிரண்டு தாண்டியிருந்தாலும் சாப்பிடாதவர் இன்னும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். இதைப் பார்த்துவிட்டு "ஸ்பெயின்காரர்கள் சோம்பேறிகள், லேட்டாகச் சாப்பிடுவார்கள்" என்று பேசுகிறவர்கள் உண்டு. அடப் போங்கப்பா! அவர்கள் வயிறு சரியாகத்தான் இருக்கிறது, கடிகாரம்தான் தள்ளி ஓடுகிறது. இங்கிலாந்தின் கிரீன்விச் கோடு ஸ்பெயினின் கிழக்குப் பகுதி வழியாகப் போகிறது. நாட்டின் பெரும்பகுதி அதற்கு மேற்கே. நியாயமாக லண்டன் நேரம் வைத்திருக்க வேண்டும். 1940 மார்ச்சில் பிராங்கோ ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ஜெர்மனி நேரத்தோடு சேர்த்தது. அப்புறம் திருப்பவே இல்லை. 2013இல் நாடாளுமன்றக் குழு ஒன்று பழைய நேரத்துக்கே போகலாம் என்று பரிந்துரைத்தும் எதுவும் நடக்கவில்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் சேரும். மாட்ரிட்டில் ஜூலை மாதம் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ரெண்டேகாலைத் தாண்டியிருக்கும். அதாவது அவர்கள் சாப்பிடுவது உச்சி வேளையில்தான், நம்மைப் போலவே!

அதே நாட்டின் கேனரித் தீவுகளில் ஒரு மணி நேரம் குறைவு. ரேடியோவில் மணி சொல்லும்போதெல்லாம் "ஊனா ஓரா மேனோஸ் என் கனாரியாஸ்" என்று சேர்த்துச் சொல்வார்கள். அங்கேயும் ஒரு மேனோஸ்!

நம் நாட்டு நேரத்தோடு வைத்துப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. கோடையில் மாட்ரிட் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. நம் அரை மணிக் கணக்கால் அவர்களுடைய "மேனோஸ் குவார்த்தோ" இங்கே எப்போதும் "ஈ குவார்த்தோ" ஆகிவிடும். அங்கே ரெண்டே முக்கால், இங்கே கோடையில் ஆறேகால். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் வெனிசுவேலா மட்டும் 2007 டிசம்பரிலிருந்து 2016 மே வரை அரை மணிக் கணக்கில் ஓடியது. அந்தக் காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் சரியாகப் பத்து மணி நேரம் வித்தியாசம். கணக்குப் போட சுகமாக இருந்திருக்கும்.

"செல்போனில் எல்லாம் தெரிகிறது, கால் அரை யாருக்கு வேணும்?" என்று அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு ஸ்பெயினின் புத்தாண்டு இரவுதான் பதில். மாட்ரிட்டில் புவெர்தா தெல் சோல் சதுக்கத்தில் 1866லிருந்து ஓடும் மணிக்கூண்டு பன்னிரண்டு அடிக்கும்போது, அடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு திராட்சை சாப்பிடுவது அவர்கள் வழக்கம். பன்னிரண்டுக்கு முன்னால் நாலு தடவை இரட்டை மணி அடிக்கும். அதற்குப் பேரே "குவார்த்தோஸ்", கால்கள். அதைக் கேட்டு வாயில் போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தப்பிவிடும். "இது கால் மணி, சாப்பிடாதீங்க" என்று வருஷா வருஷம் தொலைக்காட்சியில் எச்சரிப்பார்கள். அந்த நாட்டில் கால் என்பது காதால் கேட்கிற விஷயம். நமக்கும் அப்படித்தானே? நேரத்துக்கே "மணி" என்று பேர் வைத்தவர்கள் நாம்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் கோரிக்கை இது. முள் வைத்த கடிகாரம் ஒன்றை மாட்டுங்கள். பாதிக்கு மேல் முள் ஏறும்போதுதான் "மேனோஸ்" கண்ணுக்குப் புரியும். எழுந்தது, சாப்பிட்டது, விளையாடப் போனது என்று பிள்ளையின் நாளை வைத்தே மணி கேளுங்கள். வெறும் எண்களைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். எங்களை மாதிரி ஊர் விட்டு வந்தவர்களுக்கு இன்னொன்று. இங்கே வளரும் பிள்ளைகள் "டூ ஃபார்ட்டி ஃபைவ்" தவிர வேறெதுவும் அறியாமல் வளர்கின்றன. ஊரிலிருந்து ஆச்சி போனில் "ரெண்டே முக்காலுக்கு பஸ்ஸு" என்றால் என் மகள் என் முகத்தைப் பார்க்கிறாள். மார்க்குக்காக மேனோஸ் குவார்த்தோ படிக்கலாம், தப்பில்லை. அதோடு தெருவுக்காக பௌனேயும், ஆச்சிக்காக முக்காலும் படிக்கட்டும். ஒன்று தெரிந்தால் மற்றது சுலபம். இதில் செலவு எதுவும் இல்லை, வரவு மட்டும்தான்.

மணி பதினொண்ணு சொச்சம். ஓன்சே ஈ பீக்கோ தே லா நோச்சே. காலையில் வங்கி இருக்கிறது. வரட்டுமா?