மாட்டை விற்கும் முன் பிளக்கைப் பாருங்கள்

கேள்வி: தக்காளி, முருங்கை ஏற்றிச் செல்லும் பழைய பெட்ரோல் ஆம்னி வேன் சில வாரங்களாக மிஸ்ஸிங் ஆகிறது. லோடு ஏற்றினால் மேட்டில் இழுவை இல்லை. சந்தைக்குத் தாமதமாகப் போனால் விலை கிடைப்பதில்லை. இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதற்காகக் கறவை மாட்டை விற்கலாமா?
- ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்

பதில்: இப்போதைக்கு மாட்டை விற்க வேண்டாம். இலை மஞ்சளானதும் காரணம் பார்க்காமல் யூரியா போடுவது போன்றதுதான், மிஸ்ஸிங் என்றதும் இன்ஜினைப் பிரிப்பதும்.

ஆம்னியின் 796 சி.சி. இன்ஜினில் 3 சிலிண்டர்கள். ஒன்று எரியாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போய்விடும். காலி வண்டியில் தெரியாதது, தக்காளிப் பெட்டிகள் ஏறியதும் தெரியும். சிலிண்டர் எரிய தீப்பொறி, சரியான பெட்ரோல்-காற்றுக் கலவை, கம்ப்ரஷன் மூன்றும் வேண்டும். செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும்.

எப்போது மிஸ்ஸாகிறது? முதலில் இதைக் கவனியுங்கள். பனி விடியலிலும் மழையிலும் மட்டும் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர்களில் ஈரமோ விரிசலோ இருக்கலாம். லோடில், மேட்டில் மட்டும் என்றால் பலவீனமான தீப்பொறி அல்லது அடைபட்ட பெட்ரோல் ஃபில்டரைச் சந்தேகிக்கலாம். ஐட்லிங்கில் மட்டும் என்றால் கார்புரேட்டர் அழுக்கு, காற்றுக் கசிவு, வால்வு இடைவெளி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எந்த சிலிண்டர்? இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. வண்டியைத் திறந்த வெளியில், நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துங்கள். பெட்ரோல் வாசனையோ கசிவோ இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். இன்ஜினை அணைத்து, ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, பிளக்கின் உலோகப் பகுதி இன்ஜின் இரும்பில் படும்படி கட்டுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து சில விநாடிகள் மட்டும் கேளுங்கள். ஓட்டம் மேலும் தளர்ந்தால் அந்த சிலிண்டர் நன்றாக இருக்கிறது. மாற்றமே இல்லையென்றால் குறை அங்கேதான். ஓடும் இன்ஜினில் வயரைக் கையால் தொடக் கூடாது, ஷாக் அடிக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, அதே இடத்தில் மாட்டுங்கள். வயர் மாறினால் புதிய மிஸ்ஸிங் வரும்.

பிளக் என்ன சொல்கிறது? இன்ஜின் ஆறியதும் அந்த பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. மண் சாலையில் ஓடும் வண்டியில் ஏர் ஃபில்டர் அடைப்பும் காரணமாகும். பெட்ரோல் நனைத்திருந்தால் தீப்பொறி வரவில்லை. எண்ணெய் பிசுபிசுத்தால் ரிங் அல்லது வால்வு சீலில் தேய்மானம் இருக்கலாம். இந்த பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே மாறினால் புது பிளக்கோடு வேலை முடிந்தது. மாறாவிட்டால் வயரைப் பாருங்கள். மூட்டை அடுக்கிய கொட்டகையில் நிற்கும் வண்டியில் எலி கடித்த வயர் புதிதல்ல. இருட்டில் இன்ஜின் ஓடும்போது கசியும் தீப்பொறி கண்ணுக்கே தெரியும்.

கம்ப்ரஷன்: தீப்பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் மிஸ்ஸிங் போகவில்லையா? அப்போது மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் கேஜ் வைத்து 3 சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் குறைந்தால், அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். வால்வு இடைவெளி இறுகியிருந்தால் சரிசெய்தாலே போதும். அதைப் பார்த்த பிறகே ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

மிஸ்ஸிங்கோடு லோடு அடிப்பதை மட்டும் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவி, கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கும். இன்று பிளக்கோடு முடிவது நாளை ரிங் செலவாகும். சரியாகும் வரை பக்கத்துத் தோட்டத்து வண்டியில் வாடகை பகிர்ந்து சரக்கை அனுப்பலாம்.

இன்ஜின் வேலை தேவை என்று கேஜ் சொன்னால், செலவை எழுதி வாங்குங்கள். வண்டி 15 ஆண்டு கடந்ததென்றால் பதிவுப் புதுப்பிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மாடு தினமும் பால் கொடுக்கிறது. அதை விற்று வண்டிக்குப் போடும் பணம் திரும்பி வருமா என்பதை அந்தக் கணக்கு காட்டிவிடும்.