ரத்தம் எடுக்கும் முன் ஒரு கேள்வி

போன ஐப்பசியில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல். பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தது. அவன் மூன்றே நாளில் எழுந்து ஓடிவிட்டான். எனக்குப் பத்து நாள் ஆயிற்று. உடம்பு வலி தீருமுன், மகள் முன்பே பணம் கட்டியிருந்த மாஸ்டர் ஹெல்த் செக்கப் தேதி வந்துவிட்டது. கட்டிய பணம் வீணாகக் கூடாதே என்று போனேன். பென்ஷன்காரன் புத்தி!

மறுநாள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். பி.எஸ்.ஏ. என்ற இடத்தில் 9.6 என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில், 4 வரை இயல்பு என்று. அப்படியொரு டெஸ்ட் பேக்கேஜில் இருந்ததே எனக்குத் தெரியாது. மகள் கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

முதலில் பார்த்த டாக்டர் இரண்டு நிமிடத்தில் பயாப்ஸி என்றார். மனசு கேட்காமல் ஒரு வயதான யூராலஜிஸ்டிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா? நீர்க்கடுப்பு இருந்துதா?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னை அதைக் கேட்கவில்லை.

பி.எஸ்.ஏ. என்பது ப்ராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதம். ரத்தத்தில் கொஞ்சம் கசிவது சகஜம். புற்றுநோய் வந்தால் கசிவு கூடும்; வயதில் சுரப்பி பெருத்தாலும், கிருமி தொற்றி அழற்சி கண்டாலும் கூடும். எண் மட்டும் தெரியும், காரணம் தெரியாது. ப்ராஸ்டேட் ஆன்டிஜென் பற்றி 1970-லேயே எழுதிய ரிச்சர்ட் ஆப்லின் என்ற அமெரிக்க விஞ்ஞானியே, இதை எல்லோருக்கும் பொதுவான சோதனையாக்கியதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்.

சிறுநீர்ப்பாதைத் தொற்று இந்த எண்ணை ஏற்றும் என்பது பழைய செய்தி. சாதாரண வைரஸ் காய்ச்சலுமா? அமெரிக்க ராணுவத்தினரின் சேமித்து வைத்த ரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, எப்ஸ்டீன்-பார் வைரஸால் வரும் சுரப்பிக் காய்ச்சல் போன்றவை வந்த சமயத்தில், இளைஞர்கள் சிலருக்கே பி.எஸ்.ஏ. ஏறியிருந்தது. என் விஷயத்தில் வைரஸ்தான் காரணம் என்று டாக்டர் சத்தியம் செய்யவில்லை. சிறுநீரைப் பரிசோதித்தார், கிருமி இல்லை. ஆன்டிபயாடிக் எதுவும் எழுதவில்லை. "எட்டு வாரம் கழிச்சு அதே லேப்ல திரும்பப் பாருங்க" என்றார்.

அந்த எட்டு வாரத்தை எப்படிச் சொல்வது! பீரோவைத் திறந்து பென்ஷன் புத்தகத்தை எடுத்து வைத்தேன். பெண்சாதிக்கு ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவள் நாலு இலக்கத்தைக் கத்துக்கொண்டே, "இதெல்லாம் இப்ப எதுக்குங்க?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

இரண்டாவது ரிப்போர்ட் 3.2.

இதைப் படித்துவிட்டு, எனக்கும் காய்ச்சல்தான் காரணம் என்று யாரும் பேசாமல் இருந்துவிட வேண்டாம். என் ஆபீஸ் நண்பர் அப்படித்தான் இருந்தார். திரும்பப் பார்க்கவே இல்லை. மூன்று வருஷம் கழித்து முதுகுவலி என்று போனபோது நோய் எலும்பு வரை போயிருந்தது. இரண்டாம் முறையும் எண் கூடுதலாகவே இருந்தால் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் பயாப்ஸி என்று போய்த்தான் ஆகவேண்டும்.

என் கோபமெல்லாம் பேக்கேஜ் வியாபாரத்தின் மேல்தான். 55 முதல் 69 வயது வரை, டாக்டரிடம் நல்லது கெட்டது பேசி அவரவர் முடிவெடுக்க வேண்டிய சோதனை இது என்றும், 70-க்கு மேல் நோய்க்குறி இல்லாதவர்களுக்கு வேண்டாம் என்றும் அமெரிக்க நிபுணர் குழு 2018-ல் சொன்னது. இங்கே சர்க்கரை, கொலஸ்ட்ராலோடு சேர்த்து, கேட்காமலே எடுத்துவிடுகிறார்கள். சமீபத்தில் காய்ச்சலோ நீர்க்கடுப்போ உண்டா, டியூப் போட்டார்களா, ப்ராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று படிவத்தில் மூன்று வரி சேர்த்தால் என்ன செலவு? ஃபினாஸ்டெரைடு மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் எண் ஏறக்குறைய பாதியாகிவிடும். அப்போது உண்மையான ஆபத்துகூட இயல்பு போலத் தெரியும்.

லேபில் போய் இதைச் சொன்னேன். கவுன்ட்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கம்ப்யூட்டர்ல அதுக்குக் கட்டமே இல்லையே சார்" என்றாள்.