நாளங்காடி

பண்டைத் தமிழர் நகர் அமைத்தபோது, கோயிலுக்கும் கோட்டைக்கும் இடம் வகுத்தாற் போலவே அங்காடிக்கும் இடம் வகுத்தனர். மதுரை மாநகரில் பகலில் நடந்த அங்காடியையும் மாலையில் நடந்த அங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, மரங்கள் அடர்ந்த பொதுவிடத்தில் அங்காடி இருந்ததைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. பகலில் நடந்தது நாளங்காடி. மாலையில் நடந்தது அல்லங்காடி. நாள் என்னும் சொல்லோடு அங்காடி சேர்ந்து நாளங்காடி ஆயிற்று. அல் என்பது இரவு. அது தனிக்குறிலை அடுத்து ஒற்று வந்த சொல்லாதலின், உயிர் வரும்போது அவ்வொற்று இரட்டித்து அல்லங்காடி ஆயிற்று. இவ்விலக்கணத்தை என் மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்தேன். ஆயினும், நகரின் நடுவே எல்லாரும் வந்து கூடும் பொதுவிடத்தில் உணவுப்பொருள் கிடைக்க வேண்டும் என்னும் ஊராட்சி நெறியும் அச்சொல்லில் அடங்கியிருப்பதை முதுமையிலேதான் உணர்ந்தேன்.

எங்கள் நாஞ்சில் நாடு அங்காடிக்குப் புதியதன்று. கோட்டாறு பழம்பெரும் வணிக ஊர். மேலைநாட்டுத் தாலமி தம் நூலில் குறித்த கொட்டியாரா என்பது இவ்வூரே என ஆய்வாளர் பலர் கருதுவர். திருவனந்தபுரத்தில் இன்றும் புகழோடு விளங்கும் சாலைக் கடைத்தெருவைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைத்தவர் திவான் இராஜா கேசவதாஸ். அவர் பிறந்தது இன்றைய குமரி மாவட்டத்து விளவங்கோட்டுப் பகுதியிலாகும். அயலூர்க்கு அங்காடி அமைத்துத் தந்த மண், தன் நகரின் ஒவ்வொரு பகுதிக்கும் அங்காடி அமைத்துக்கொள்ள வேண்டாவோ?

நாகர்கோவிலில் சந்தையே இல்லை என்று கூறுவார் யாருமிலர். வடசேரியில் கனகமூலம் சந்தை உண்டு. உழவர் சந்தையும் உண்டு. ஆனால் நகரமோ நாற்றிசையும் விரிந்துவிட்டது. 2019ஆம் ஆண்டில் அது மாநகராட்சியாகவும் உயர்ந்தது. வடசேரிக்கு அருகில் வாழ்வோர் கையில் பையுடன் நடந்து சென்று வாங்குவர். நகரின் மேற்கு ஓரத்தில் வாழும் எம் போன்றோர்க்குப் பேருந்து ஏறியே செல்ல வேண்டும். முதியோரும், கைக்குழந்தை உடையோரும், அன்றாடக் கூலி பெறுவோரும் இரண்டு கட்டுக் கீரைக்காகப் பேருந்து ஏறுவரோ? வீட்டில் குளிர்பெட்டி உடையவர் வாரத்துக்கு ஒரு முறை வாங்கி வைப்பர். அன்றைய கூலியில் அன்றைய கறியை வாங்குவோர்க்கு அன்றாடச் சந்தையே வேண்டும்.

எங்கள் தெருமுனைக்கு மூதாட்டி ஒருவர் கடவப்பெட்டியில் கீரை கொண்டு வருவார். அதிகாலையில் பறித்த தண்டங்கீரையும் முருங்கையிலையும் நீர்த்துளி உலராமல் இருக்கும். வண்டி நெருக்கம் மிகுந்தால் அவரைத் தள்ளி உட்காரச் சொல்வர். தள்ளிய இடத்திலிருந்தும் தள்ளுவர். ஐப்பசி அடைமழையில் நான்கு நாள் அவரைக் காணவில்லை. ஐந்தாம் நாள் வந்தவரிடம் காரணம் வினவினேன். “மழைக்கு ஒதுங்க இடம் இல்லை வாத்தியாரையா. பறிக்காமல் விட்டால் முற்றிப் போகும்; பறித்து வந்தால் அழுகிப் போகும். நான் என்ன செய்வேன்?” என்றார். அந்நான்கு நாளும் அவர்க்கு வருவாய் இல்லை. எங்கள் இல்லத்தில் கீரையும் இல்லை. கூரையுள்ள ஓர் இடம் இருந்திருப்பின் இரண்டும் நேர்ந்திரா.

ஆண்டு முழுதும் நடத்தும் அளவிற்குச் சரக்குக் கிடைக்குமோ என்று சிலர் ஐயுறுவர். தமிழ்நாட்டின் பிற பகுதிகளுக்கு இவ்வையம் பொருந்தினும் பொருந்தலாம். நாஞ்சில் நாட்டுக்குப் பொருந்தாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இம்மாவட்டத்தை நனைக்கின்றன. அதனால் கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோக நெல் விளைகின்றது. வேனிலில் மாம்பழமும் சக்கையும் வரும். தைப்பொங்கலை ஒட்டிச் சேனை, சேம்பு, சிறுகிழங்கு, காய்ச்சில் ஆகிய கிழங்குகள் வரும். மட்டியும் ஏத்தனும் செந்துளுவனும் எனப் பலவகை வாழை விளையும் மண் இது. மட்டி வாழைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. மீன்வளமும் அத்தகையதே. விசைப்படகுகளுக்குக் கீழைக்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேலைக்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடை உண்டு. இவ்விரு கரைகளும் எம் மாவட்டத்தில் கூடுகின்றன. தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் கடலுக்குச் செல்கின்றன. ஆதலின் எம்மிடம் பொருளுக்குக் குறைவில்லை. அதனை வைத்து விற்கும் இடத்துக்கே குறைவு.

பொதுச்சந்தையால் விளையும் நன்மைக்குச் சான்று நம் மாநிலத்திலேயே உண்டு. 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பெற்றது. அடையாள அட்டை பெற்ற உழவர் அங்கே தரகும் வாடகையும் இன்றித் தம் விளைவைத் தாமே விற்கின்றனர். மொத்த விலையினும் சற்று மிகுதியாகவும், கடைவிலையினும் குறைவாகவும் நாள்தோறும் விலை வகுத்துப் பலகையில் எழுதுகின்றனர். விற்பவர்க்கும் இழப்பில்லை, வாங்குபவர்க்கும் இழப்பில்லை. கடல் கடந்து நோக்கினும் இதுவே நிலை. இசுபெயின் நாட்டுப் பார்சலோனா நகராட்சி, பகுதிக்கு ஒன்றாக ஏறத்தாழ நாற்பது உணவுச்சந்தைகளைத் தன் பொறுப்பில் பேணி வருகின்றது.

சந்தைகள் பலவாகப் பரந்திருப்பதில் வேறொரு காப்பும் உண்டு. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் நோய் பரவியது. மே மாதம் அச்சந்தையை மூட நேர்ந்தது. அப்போது பல ஊர்களில் பேருந்து நிலையங்களே காய்கறிச் சந்தைகளாயின. ஒரே பானையில் ஊருக்கெல்லாம் நீர் வைத்தால், பானை உடைந்த அன்று ஊரே தவிக்கும். பகுதிதோறும் சிறுசந்தை இருப்பின் அத்தவிப்பு நேராது.

‘மூலைக்கு மூலை கடைகள் உள்ளன; கைப்பேசியில் கேட்டால் வீட்டு வாயிலுக்கே பொருள் வருகின்றது; பின்னும் சந்தை எதற்கு?’ என்பாரும் உளர். அவர் கூற்றை யான் இகழேன். நடக்கவியலாத முதியோர்க்கு அவ்வசதி நன்றே. ஆயினும், ஒரு கடவப்பெட்டிக் கீரையுடன் வரும் மூதாட்டிக்கு அவ்வழியில் இடமில்லை. வாங்குவோர்க்கு ஏற்ற வாயில்கள் பல. சிறு உழவர்க்கு ஏற்ற வாயில் சந்தை ஒன்றே. விற்க வழியில்லாத உழவர் வயலை விற்பார். நாஞ்சில் நாட்டில் வீட்டுமனைகளாய் மாறிய வயல்களே இதற்குச் சான்று.

‘சந்தை வந்தால் குப்பை பெருகும், நாற்றம் வீசும்’ என்று அஞ்சுவோரும் உளர். அவர் அச்சம் நியாயமானதே. பேணாத சந்தை தெருவுக்குத் தீங்காகும். ஆதலின் கட்டும்போதே ஒழுங்கும் வகுத்தல் வேண்டும். நிலம் என்றும் மாநகராட்சிக்கே உரியதாக இருத்தல் வேண்டும். மழை புகாத கூரையும், கழுவி விடத்தக்க தளமும், நல்ல நீரும், மகளிர்க்குக் கழிப்பிடமும் வேண்டும். மீனுக்கும் இறைச்சிக்கும் தனிக்கூடம் வேண்டும். அழுகிய இலையும் தோலும் அன்றன்றே எருக்குழிக்குச் செல்ல வேண்டும். இடங்களுள் ஒரு பாதி, தாமே விளைவித்து விற்போர்க்கும் தலைச்சுமை வணிகர்க்கும் நாள்வாடகைக்கு ஒதுக்கப்பெறல் வேண்டும். தெருவோர வணிகர் வாழ்வைக் காக்க 2014ஆம் ஆண்டிலேயே நடுவண் அரசு சட்டம் இயற்றியுள்ளது. வணிகர் தம் சார்பாளரும் அமரும் நகர விற்பனைக் குழுவுக்கு அச்சட்டம் வழிசெய்கின்றது. அக்குழு கூடி இடத்தைத் தேர்க. முதலில் ஒரு பகுதியில் ஒரு சந்தை எழுக. அதன் நிறைகுறை கண்டு ஏனைய பகுதிகளிலும் எழுக.

மாணவச் செல்வங்களே! தெருவிளக்கும் குடிநீரும் நகராட்சியின் கடமை என்பதை நாம் அறிவோம். நல்லுணவு நடந்து எட்டும் தொலைவில் கிடைக்கச் செய்தலும் அத்தகைய கடமையே. நாளை இந்நகரை ஆளப்போகின்றவர் நீங்கள். நீங்கள் ஒரு சந்தைக்குக் கால்கோள் செய்யும் நாளில், மழைக்கு ஒதுங்க இடமின்றி நின்ற அம்மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அவர் பெட்டியை இறக்கி வைக்கத் தக்கதாக அக்கூரை அமையுமாயின், அதுவே நாளங்காடி என்னும் பழஞ்சொல்லுக்கு நீங்கள் எழுதும் நல்லுரையாகும்.