மேடை வேணும்; அது எல்லையில வேணும்!

தோழர்களே,

நெய்வேலி ஆர்ச் கேட் வழியா ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்க. அகலமான சாலை, மரநிழல், வட்டம் வட்டமாகக் குடியிருப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை. நல்லா இருக்கட்டும். உழைக்கிறவன் குடும்பம் நல்லா வாழணும் என்பதுதான் நம்ம அரசியலும்.

இப்போ வெளியே வாங்க. வானதிராயபுரம், தென்குத்து, கத்தாழை, கரிவெட்டி, வளையமாதேவி... நிலக்கரிக்கு நிலம் கொடுத்த ஊர்கள், இன்னும் கொடுக்கச் சொல்லப்படும் ஊர்கள்.

இரண்டுக்கும் நடுவே நாட்டு எல்லை இல்லை, முள்வேலி இல்லை. ஆனாலும் எல்லை இருக்கு. 1956-ல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து அந்தக் கோடு அழியவே இல்லை.

2023 ஜூலை 26 ஞாபகம் இருக்கா? பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கின. "நிலத்தை எப்பவோ எடுத்தாச்சு, பணமும் கொடுத்தாச்சு" என்றது நிர்வாகம். அன்றைக்கு டவுன்ஷிப்பில் எத்தனை வீட்டில் அந்தப் பயிரைத் தன் பயிராக நினைத்தார்கள்? குற்றம் சொல்லக் கேட்கவில்லை. முகம் தெரியாதவன் வயிற்றெரிச்சல் யாருக்குப் புரியும்?

அதனால்தான் கேட்கிறோம்: டவுன்ஷிப்பும் கிராமமும் சேருகிற எல்லையில், இரண்டு பக்கமும் திறந்த ஒரு பொதுக் கலையரங்கம் வேண்டும்!

"நிலம் போச்சு, வேலை இல்லை. இந்த நேரத்துல கூத்து மேடையா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நேராகவே பதில் சொல்றோம்.

மேடை இழப்பீட்டுக்குப் பதில் கிடையாது. வேலைக்குப் பதில் கிடையாது. அப்படி ஒரு பேரம் பேச எவன் வந்தாலும் முதல் எதிர்ப்பு நம்முடையதாக இருக்கும். ஆனா நிலம் போனப்போ விளைச்சல் மட்டுமா போச்சு? நம்ம தென்னாற்காட்டில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு ராத்திரி முழுக்க கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளத்துக்கு மண்ணாலேயே துரியோதனனைப் படுக்க வைப்பாங்க. அதுக்குத் திடல் வேணும், சுற்றி உட்கார ஊர் வேணும். ஊரைப் பிரித்து ஆளுக்கொரு திசையில் அனுப்பிவிட்டால் திடலுக்கு எங்கே போவது? இழப்பீட்டுக் கணக்கில் அதுக்கு ஒரு வரி உண்டா?

இதுக்குச் சட்டத்தில் இடம் இருக்கா? இருக்கு. 2013 கம்பெனிகள் சட்டம், 135-வது பிரிவு: இப்படிப்பட்ட பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். அதன் 7-வது அட்டவணையில் கலை, பண்பாடு, மரபுக் கலை வளர்ச்சி எல்லாமே இருக்கு. இது தானம் இல்லை தோழர்களே, கடமை!

உலகத்தில் வேற எங்கேயும் நடக்காததையா கேட்கிறோம்? 2019-ல் அமெரிக்கா - மெக்சிகோ எல்லையில் இரும்பு வேலியின் இடுக்கு வழியாக மூன்று சீசா பலகைகளைச் செருகினார்கள் இரண்டு கட்டடக் கலைஞர்கள். அந்தப் பக்கக் குழந்தை ஏற, இந்தப் பக்கக் குழந்தை இறங்கியது. ஒரு மணி நேரம்கூட நீடிக்காத விளையாட்டு. வேலி விழவில்லை. ஆனா எதிர்ப்பக்கம் இருப்பவன் எடை இவனுக்குத் தெரிந்தது.

அவ்வளவு தூரம் எதுக்கு? பக்கத்திலேயே வடலூர். பார்வதிபுரம் மக்கள் நிலம் கொடுத்தார்கள். 1867-ல் தருமசாலை, 1872-ல் எண்கோண சத்திய ஞான சபை எழுந்தது. சாலையில் சாதி கேட்காமல் சோறு. இன்றைக்கும் அடுப்பு அணையவில்லை. மக்கள் கொடுத்த நிலத்தில் எழுந்தது மக்களுக்கே திறந்திருக்கணும் என்பதை இந்த மண் அப்பவே செய்து காட்டிவிட்டது.

நம் கோரிக்கைகள்:

🔴 மேடை டவுன்ஷிப்புக்கு உள்ளே ஒதுங்கியும் இருக்கக் கூடாது. ஊருக்குள் ஒளிந்தும் இருக்கக் கூடாது. எல்லையிலேயே இருக்கணும்.

🔴 நிர்வாகக் குழுவில் பாதி இடம் நிலம் கொடுத்த ஊர்களுக்கு. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இடம்.

🔴 கூத்து ஜமா, பறை, நாதஸ்வரம், தவில் கலைஞர்களுக்கு முறையான சம்பளம். பொன்னாடை போர்த்தி அனுப்பினால் வீட்டில் உலை கொதிக்காது!

🔴 சுரங்கத்துக்குள் போன ஒவ்வொரு ஊரின் பெயரும் மேடைச் சுவரில். அமைச்சர் பெயர்ப் பலகை அதைவிடச் சின்னதாக.

கட்டித் திறந்துவிட்டு, பிறகு மூட்டை அடுக்கி வைத்த கலையரங்கங்களை நாமும் பார்த்திருக்கிறோம். அதனால் கட்டடத்தோடு ஆண்டு முழுக்க நிகழ்ச்சி நடத்த நிதியும் சேர்த்தே கேட்கிறோம்.

கிராமத்துத் தோழர்களே, அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக்குங்கள். டவுன்ஷிப் தோழர்களே, உங்கள் தொழிற்சங்கத்தில் எழுப்புங்கள். ஒரே கோரிக்கை இரண்டு பக்கமிருந்தும் ஒலித்தால், அதுவே அந்த மேடையின் முதல் நிகழ்ச்சி.

உங்க வீட்டு விளக்கு எரிய அவங்க ஊர் இருண்டது. ஒரு ராத்திரியாவது ஒரே வெளிச்சத்தில் பக்கத்துல பக்கத்துல உட்காருவோம்!

படித்ததோடு விடாதீர்கள், பகிருங்கள்.

#எல்லையில்_மேடை #நெய்வேலி #நிலம்_கொடுத்தோர்_உரிமை