உயிர் காப்பதும் தளபதியின் கடமையே

2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நேர்ந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிர்நீத்தனர். அவர்களில் ஒருவரான நாயக் தீபக் சிங், 16 பிஹார் படைப்பிரிவின் நர்சிங் அசிஸ்டென்ட். கல்வீச்சில் தானே படுகாயமுற்ற நிலையிலும் 30-க்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த பிறகே அவர் மடிந்தார். வீர் சக்ரா விருது அளித்து நாடு அவரைப் போற்றியது. அவர் செய்த பணிக்கு ராணுவத் திட்டமிடலில் உரிய இடம் கொடுப்பதே அவருக்குச் செய்யும் முழுமையான மரியாதை.

போர்க்களத்தில் காயம்பட்டவரின் கதி பெரும்பாலும் ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. 2001 முதல் 2011 வரை போர்க்காயங்களால் இறந்த சுமார் 4,600 அமெரிக்க வீரர்களின் மரணங்களை அந்நாட்டு ராணுவ மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 87% பேர் அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்தை அடையும் முன்பே இறந்திருந்தனர். அப்படி இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது. தடுத்திருக்கக்கூடிய அந்த மரணங்களில் பத்தில் ஒன்பதுக்குக் காரணம் ரத்தப்போக்கு.

தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். காயத்துக்குச் சற்று மேலே டூர்னிக்கெட் பட்டையைச் சுற்றி, அதிலுள்ள சிறு கம்பியை ரத்தம் நிற்கும்வரை முறுக்கிப் பூட்ட வேண்டும். வலியில் வீரர் அலறினாலும் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுதிவைக்க வேண்டும். இதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. பதற்றத்திலும் தடுமாறாத பழக்கம் தேவை. அந்தப் பழக்கம் ஒருநாள் வகுப்பில் வந்துவிடாது.

அமெரிக்காவின் 75-ஆவது ரேஞ்சர் ரெஜிமென்ட் இதை 1990-களின் பிற்பகுதியிலேயே உணர்ந்தது. உடற்பயிற்சி, துப்பாக்கி சுடுதல், சிறுகுழுப் போர்முறை ஆகியவற்றுக்கு நிகராக முதலுதவிப் பயிற்சியையும் அங்கே கட்டாயமாக்கினார்கள். மருத்துவ உதவியாளர் மட்டுமல்லாமல் ஒவ்வொரு வீரரும் அதைக் கற்றார். 2001 முதல் 2010 வரை அந்தப் படையில் 419 பேர் போரில் காயமுற்றார்கள் அல்லது இறந்தார்கள். இறந்தவர்கள் 32 பேர். களத்தில் தடுத்திருக்கக்கூடிய மரணம் ஒன்றுகூட அவற்றில் இல்லை. இந்த மாற்றத்தை மருத்துவர்கள் பரிந்துரைத்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. படைத்தலைவர் அதைத் தன் பொறுப்பாக ஏற்று உத்தரவிட்டதால்தான் நடந்தது.

காயம்பட்டவரைத் தேடி மருத்துவம் போவது நமக்குப் புதிதல்ல. கொரியப் போரின்போது, 1951 மார்ச் 23-இல் முன்சான்-னியில் அமெரிக்கப் பாராசூட் வீரர்களோடு இந்தியாவின் 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவைச் சேர்ந்த 12 பேரும் குதித்தார்கள். அவர்களை வழிநடத்திய லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் மகாவீர் சக்ரா பெற்றார்.

இன்று நம் தேவை இன்னும் பெரிது. 1984 முதல் நம் வீரர்கள் நிற்கும் சியாச்சினில் எதிரியின் குண்டைவிடக் குளிரும் உயரமும் பனிச்சரிவுமே அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. பனிப்புயலில் ஹெலிகாப்டர் வராது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும் வீரருக்கு, காவல்சாவடியில் இருக்கும் நர்சிங் அசிஸ்டென்ட்தான் மருத்துவர். லக்னோவின் ராணுவ மருத்துவப் படை மையத்தில் பயிற்சி பெறும் இவர்களோடு, காலாட்படை வீரர்களிலிருந்தும் போர்க்கள நர்சிங் உதவியாளர்களை ராணுவம் தயார்செய்கிறது. நல்ல தொடக்கம் இது.

அதை முழுமையாக்க மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். ஒவ்வொரு வீரரின் உடுப்பிலும், ஒரே கையால் எடுக்கும்படி, தரமான டூர்னிக்கெட் இருக்க வேண்டும். சுடும் பயிற்சியைப் போலவே ரத்தம் நிறுத்தும் பயிற்சியும் ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும், காப்பாற்றியிருக்க முடியுமா என்ற கேள்விக்குப் படைப்பிரிவின் தளபதி எழுத்தில் பதில் தர வேண்டும். மருத்துவப் பிரிவின் தலையில் மட்டும் இந்தப் பொறுப்பைக் கட்டிவிட்டால், தீபக் சிங் போன்ற தனிமனிதர்களின் துணிவையே நாம் மீண்டும் மீண்டும் நம்பியிருக்க நேரும்.