உத்தரவாதச் சீட்டு

‘உத்தரவாதம்’ என்னும் சொல் வடமொழியினின்றும் வந்து தமிழில் வழங்குவது. உத்தரம் என்பது விடை. வாதம் என்பது சொல். கேட்டபோது விடை சொல்லக் கடமைப்பட்டவன் உத்தரவாதி எனப்பட்டான். சிற்றூர்களில் ஒருவன் கடன் பெறுங்கால் மற்றொருவன் அவன்பொருட்டு உத்தரவாதியாய் நிற்பதுண்டு. வாங்கியவன் கொடாதொழியின், நின்றவன் கொடுத்தே தீர்தல் வேண்டும். அங்ஙனம் நிற்பதற்கு அவன் கூலி பெறுவதில்லை. ஊராரிடம் தனக்குள்ள நன்மதிப்பையே ஈடாக வைத்தான்.

இன்று கடைத்தெருவில் இவ்வுறுதியும் ஒரு விலைப்பொருளாயிற்று. தொலைக்காட்சிப் பெட்டி ஒரு விலைக்கும், ‘அது பழுதுபட்டால் யாம் பொறுப்பேற்போம்’ என்னும் சொல் வேறொரு விலைக்குமாக, ஒரே மேசையின்மீது விற்கப்படுகின்றன. பின்னதனைக் கடைக்காரர் ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி’ என்பர். நீட்டித்த உத்தரவாதம் என்பது அதன் பொருள். சொல்லை விலைக்கு விற்றல் தவறு அன்று. ஆயின், விற்ற அரிசியைக் குறையாமல் அளப்பதுபோல, விற்ற சொல்லையும் குறையாமல் அளத்தல் வேண்டும். ஒரு படிக்கு விலை பெற்று முக்காற்படி அளப்பவனை ஊர் கள்வன் என்று ஏசும். உறுதியை முக்காலாக அளக்கும் கடையை அவ்வாறு ஏசுவார் இலர். அந்தக் குறை வாங்கிய அன்று கண்ணுக்குத் தெரியாததே அதற்குக் காரணம்.

அது வெளிப்படும் காலம், பெட்டி இருண்டுபோகும் காலமாகும். தையல் தொழிலால் வாழும் குடும்பம் ஒன்று, ரூ.30,000 விலையுள்ள பெட்டியைத் தவணை முறையில் வாங்கி, உத்தரவாதத்திற்கென ரூ.3,000 தனியே கொடுத்தது எனக் கொள்க. தையற்காரர் வீட்டிற்குத் தொலைக்காட்சி எதற்கு என்று சிலர் வினவக்கூடும். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதற்கு முந்திய ஆண்டில் தமிழக அரசு தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியே பல்லாயிரம் பிள்ளைகளுக்கு வகுப்பறையாயிற்று. அந்நாளில் பெட்டி பழுதுபட்ட வீட்டில் பாடமும் நின்றது. ஆதலின், இதனை வெறும் பொழுதுபோக்குப் பொருளின் பூசல் என்று தள்ளுதல் பொருந்தாது.

இக்காலத்துப் பெட்டியின் அமைப்பைச் சிறிது அறிந்துகொண்டால்தான் வழக்கின் முடிச்சு விளங்கும். அது பழைய பெட்டியைப் போலப் பருத்த கண்ணாடிக் குழலை உடையதன்று. முன்னே திரவப் படிகத்தாலாகிய மெல்லிய திரைத் தகடு. அதன் பின்னே ஒளி தருவதற்காகச் சிறு விளக்குகள் வரிசை வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு வரிசையிலுள்ள விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருத்தலின், ஒன்று அறுந்தால் அவ்வரிசை முழுவதும் அணைந்துபோகலாம். அப்போது குரல் கேட்கும்; உருவம் தோன்றாது. இஃது எளிதில் நீக்கக்கூடிய பழுதே. திரைத் தகடே கெட்டு, நெடுகக் கோடுகள் விழத் தொடங்கினாலோ நிலைமை வேறு. பெட்டியின் உறுப்புகளுள் விலை மிக்கது அத்தகடு. அதனை மாற்றும் செலவு பலபோது புதுப்பெட்டியின் விலையை நெருங்கிவிடும். உற்பத்தியாளரோ ஆண்டுதோறும் புதிய மாதிரிகளை வெளியிட்டுப் பழையவற்றை நிறுத்திவிடுகின்றனர். மூன்றாம் ஆண்டில் பழுதுபட்ட பெட்டிக்கு உரிய தகட்டைத் தேடினால் கிடைப்பது அரிதாகின்றது.

ஆகவே, பழுது பார்த்தல் இயலாது. வேறு பெட்டி கொடுத்தல் வேண்டும். பூசல் பிறப்பது இவ்விடத்திலேதான். வேறு பெட்டி என்பது எத்தகையது? விற்பனையாளர் வாங்கும் நாளில், “பழுது வந்தால் புதுப்பெட்டி தந்துவிடுவோம்” என்று சொல்லியிருப்பார். சீட்டின் பின்புறத்திலோ, ஆண்டுக்கு இவ்வளவு எனத் தேய்மானம் கழித்து எஞ்சிய தொகையே தரப்படும் என்று எறும்பூர்வது போன்ற எழுத்தில் அச்சிட்டிருக்கும். ரூ.30,000 பெட்டிக்கு மூன்றாம் ஆண்டில் நூற்றுக்கு 40 கழித்தால் எஞ்சுவது ரூ.18,000. அதற்கு ஒத்த பெட்டி அன்று ரூ.24,000 விற்குமாயின், அக்குடும்பம் மேலும் ரூ.6,000 தேட வேண்டும். எஞ்சிய தொகையைக்கூடப் பணமாகத் தராமல், அக்கடையிலேயே பொருள் வாங்கும் சீட்டாகத் தருவாரும் உளர்.

தேய்மானம் கழிப்பதே அநீதி என்று கூறிவிடல் இயலாது. மூன்று ஆண்டு பயன்பட்ட பொருள் புதிய பொருளுக்கு நிகரன்று என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. அவ்வாறாயின், அதனை வாங்கும் நாளிலேயே வாயாற் சொல்லி விற்றல் வேண்டும். நாவால் ஒன்று விற்று, தாளால் வேறொன்று கொடுப்பதே குற்றம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுநிலைமையைப் பட்டினப்பாலை போற்றுவதை மாணவர் கற்றிருப்பர். கொள்வாரும் கொடுப்பாரும் ஒரே செய்தியை அறிந்திருந்தாலன்றி அந்நடுநிலைமை எங்ஙனம் அமையும்?

மற்றொரு மயக்கமும் உண்டு. ‘மூன்று ஆண்டு உத்தரவாதம்’ என்று கேட்டு மகிழ்பவர், முதலாண்டு உற்பத்தியாளர் விலையின்றியே தருவது என்பதை எண்ணுவதில்லை. அவர் ரூ.3,000 கொடுத்து வாங்கியது எஞ்சிய இரண்டாண்டுப் பாதுகாப்பே ஆகும். மேலும், அச்சீட்டுக்குப் பொறுப்புடையது பல இடங்களில் கடையன்று, வேறொரு நிறுவனம். பெட்டி கெட்டபின் கடைக்குச் சென்றால், “நாங்கள் விற்றதோடு சரி” என்பார்கள். அந்நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தால், “உறுப்பு வரவில்லை, அடுத்த வாரம் அழையுங்கள்” என்று இனிமையாகக் கூறுவார்கள். பணம் பெற்ற கை ஒன்று. விடை சொல்லும் வாய் வேறொன்று. உத்தரவாதி என்ற பழஞ்சொல்லுக்கு இதைவிட வேறு இழிவு வேண்டுவதில்லை.

வாங்குவோர் அனைவரும் குற்றமற்றவர் என்பதுமன்று. பெட்டியைக் கீழே தள்ளித் திரையை உடைத்துவிட்டு, ‘தானே வெடித்தது’ என்பார் உண்டு. மழைக்காலத்து மின்னலால் கருகியதை மறைப்பாரும் உண்டு. உடைப்பு, மின்னழுத்த மிகுதி, எலியும் எறும்பும் உட்புகுந்து செய்த கேடு ஆகியவற்றிற்குப் பொறுப்பில்லை என்று பல சீட்டுகள் விலக்கு வைத்திருப்பது இதனாலேயாம். அவ்விலக்கு தக்கதே. ஆயின், உள்ளுறுப்பு தானே கெட்டதையும் ‘மின்னழுத்த மிகுதி’ என்று பழுது பார்ப்பவர் எழுதிவிட்டுச் செல்லும்போது, அதற்குச் சான்று யாது என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. கேட்டு எழுத்திலும் பெறுதல் வேண்டும்.

சட்டம் இவ்வகையில் ஏழைக்குத் துணை நிற்கின்றது. 1986ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பதிலாக 2019ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2020ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் குறைபாடு மெய்ப்பிக்கப்படின், அதனை நீக்கித் தருமாறோ, அதனையொத்த குறையற்ற புதுப்பொருளை மாற்றித் தருமாறோ, விலையைத் திருப்பித் தருமாறோ ஆணையிட மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்கு அதிகாரம் உண்டு. விலை பெற்று ஏற்ற பணியைச் செய்யாது விடுதலும் சேவைக் குறைபாடு என்றே கொள்ளப்படும். கடை எவ்வூரில் இருப்பினும், வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம். வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. கொடுத்த விலை ரூ.5 இலட்சத்திற்கு மேற்படாதாயின் கட்டணமும் இல்லை.

இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டின் ஆணையொன்று, வீட்டு மின்பொருள்களின் விலையருகே நீட்டித்த உத்தரவாதத்தின் விலையையும் காட்டுமாறு கடைக்காரரைப் பணித்தது. ஓராண்டிற்கு மேற்பட்ட உத்தரவாதத்தை வாங்கியவர், 45 நாளுக்குள் அதனை விலக்கிக்கொண்டு முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் என்றும் விதித்தது. வீட்டிற்குச் சென்று, விளக்கருகில் அமர்ந்து, சீட்டை ஆறுதலாகப் படித்துப் பார்க்கும் காலம் அது. அத்தகைய காலம் இந்நாட்டு மக்களுக்கும் வேண்டும்.

படிப்பதற்குக் காலம் இருந்தால் மட்டும் போதுமா? தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கடையில், தமிழர் ஒருவர் தமிழரிடம் தமிழிலேயே பேசி விற்கும் பெட்டிக்கு உத்தரவாதச் சீட்டு ஆங்கிலத்தில் இருத்தல் எற்றுக்கு? விளம்பரப் பலகை தமிழில் உண்டு. தள்ளுபடி அறிவிப்பு தமிழில் உண்டு. வாங்குவோரைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகள் மட்டும் அவர்க்கு விளங்காத மொழியில் நிற்கின்றன. தமிழில் அவற்றை எழுதச் சொற்கள் இல்லாமல் இல்லை. தேய்மானம், விலக்கு, மாற்றுப்பொருள், கெடு என்னும் சொற்களை எட்டாம் வகுப்பு மாணவனும் படித்துத் தன் தாய்க்கு விளக்குவான். அங்ஙனம் விளங்கிவிடுமாயின், ரூ.3,000 கொடுப்பதா, அதனை அஞ்சலகச் சேமிப்பில் இட்டு வைப்பதா என்பதை அத்தாயே கணக்கிட்டு முடிவு செய்வாள்.

முறையீடு செய்ய நேர்வோர், விலைப்பட்டியல், உத்தரவாதச் சீட்டு, பழுது பார்ப்பவர் எழுதிக் கொடுத்த தாள், புகார் எண் ஆகியவற்றைத் தொகுத்து வைத்தல் வேண்டும். 1915 என்னும் எண்ணில் இயங்கும் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் முதலில் கூறிப் பார்க்கலாம். அங்கே தீராதாயின் ஆணையத்தை அணுகலாம். வழக்கிற்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு என்பது சட்டம் வைத்துள்ள கெடு. ‘அடுத்த வாரம்’ என்னும் இனிய சொற்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் நாள்களும் அந்தக் கெடுவிலேயே கழிகின்றன.